போனை எடுக்காதவர்

டாலஸுக்கு வடக்கே இருக்கும் பிளேனோ, பிரிஸ்கோ, மெக்கின்னி ஊர்களில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வேண்டியது எல்லாம் வாட்ஸாப் குழுவிலேயே கிடைத்துவிடும். இட்லி மாவு, கிரகப்பிரவேசத்துக்கு ஐயர், அரங்கேற்றத்துக்கு மிருதங்கம், வருமான வரிக் கணக்குக்கு ஆள், விமான நிலையத்துக்குக் கார், எதைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் நாலு நம்பர் வந்து விழும். கேட்காமலே ஒருவர் அரசியல் மீமும் போடுவார். ஆனால் கோடையில், "ஸ்பிரிங்க்ளர் ரிப்பேருக்கு நல்ல ஆள் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் படித்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

காரணம் போகப் போகத்தான் புரிந்தது. நல்ல ஸ்பிரிங்க்ளர்காரர் ஒருவருடைய நம்பர் கையில் இருந்தால் அதை வெளியே விடக் கூடாது. விட்டால் ஜூன், ஜூலை முழுக்க அவர் உங்கள் நண்பர் வீட்டில் இருப்பார், உங்கள் வீட்டில் புல் காயும். குழந்தைகள் ஒரே பரதநாட்டிய வகுப்பு, வருடா வருடம் ஒருவர் வீட்டுக் கொலுவுக்கு மற்றவர் போய் சுண்டல் வாங்கிக்கொள்வது, அவசரத்துக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, எல்லாம் உண்டு. ஸ்பிரிங்க்ளர்காரர் நம்பர் மட்டும் கிடையாது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுற்றிப் புல்தரை. புல்லுக்கு அடியில் பிவிசி குழாய். குழாயில் அங்கங்கே 'ஹெட்' எனப்படும் தெளிப்பான்கள். வேலை இல்லாத நேரத்தில் மண்ணுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் அழுத்தம் போதாதென்று தோட்டத்தைப் பல 'ஸோன்'களாகப் பிரித்து, ஸோனுக்கு ஒரு வால்வு. கராஜ் சுவரில் ஒரு கண்ட்ரோலர். விடியும் முன் அது 24 வோல்ட் மின்சாரத்தை ஒயர் வழியாக அனுப்பும். வால்வு திறக்கும், ஹெட்டுகள் எழும்பும், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே புல் குளித்துவிடும். வால்வுகள் பச்சை மூடிப் பெட்டிகளுக்குள் மண்ணில் புதைந்திருக்கும். எங்கே என்பது புதைத்தவருக்குத் தெரியும். அவர் எங்கே என்பது யாருக்கும் தெரியாது.

இத்தனையும் எந்தப் பயிருக்கு? எங்கள் தெருவில் பெரும்பாலும் பெர்முடா கிராஸ். பெயரைக் கேட்டால் தீவிலிருந்து கப்பலேறி வந்த சீமைச் சரக்கு என்று தோன்றும். சைனோடான் டாக்டிலான் என்பது தாவரவியல் பெயர். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்தான்.

சிவகங்கைப் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்த்த என் அப்பா, சுற்றுலா விசாவில் வந்து இறங்கிய மறுநாள் காலை காபி டம்ளரோடு முன்வாசலில் போய் நின்றார். குனிந்து ஒரு கணுவைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது அருகுல்ல?"

"ஆமாப்பா."

"இதுக்கா தண்ணி பாச்சுறீங்க?"

"ஆமாப்பா."

"உரமும் போடுவீகளோ?"

போடுவோம் என்றேன். களைக்கொல்லி அடிப்பதையும் சொன்னேன். "களையவே வளத்துட்டு எதுக்குக் களைக்கொல்லி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வயலில் அருகு புகுந்தால் ஒரு தலைமுறை அதைத் தோண்டியே ஓய்ந்துபோகும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அன்று இரவு அம்மாவிடம் போனில், "பிள்ளை நல்லாத்தான் இருக்கான்" என்று அவர் சொன்ன தொனியில் அவ்வளவு உறுதி இல்லை.

நான் மட்டும் தனியாகச் செய்யும் பைத்தியக்காரத்தனம் அல்ல இது என்று அவருக்கு நிரூபிக்க நினைத்தேன். கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரின் குழு செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பாசனம் பெறும் மக்காச்சோளத்தைப் போல மூன்று மடங்கு பரப்பில் புல்தரை இருக்கிறது என்கிறது அது. அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏக்கருக்கு எத்தன மூட்ட?" என்றார்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்க முடியவில்லை. இந்தப் பகுதி முழுக்கக் கரிசல். மழையில் உப்பும், கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே கான்கிரீட் தளத்தில் உட்கார்ந்திருக்கும் வீடும் கூடவே ஏறி இறங்கும். சுவரில் விரிசல் விழும், குளியலறைக் கதவு சாத்தாது. அதனால் ஆகஸ்டில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்கே தண்ணீர் விடுகிறோம். அப்பா குழாயையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுக்காடா தண்ணி ஊத்துறீங்க? மாடி கீடி மொளைக்குமா?"

அவர் தன் பங்குக்கு உருப்படியாக ஒன்று செய்தார். வந்த சில நாட்களிலேயே, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பக்கவாட்டில் பீர்க்கைக்குப் பந்தல் போட்டார். ஹார்டுவேர் கடையில் இரும்புக் கம்பம், சம்மட்டி, நைலான் கயிறு எல்லாம் அவரே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அந்த வசந்தத்தில் நல்ல மழை என்பதால் ஸ்பிரிங்க்ளரை யாரும் நினைக்கவில்லை. ஜூனில் மழை நின்று, கண்ட்ரோலரைத் திருப்பினால் எல்லா ஸோனும் எழும்புகிறது, ஐந்தாம் ஸோன் மட்டும் எழும்பவில்லை. அது முன்வாசல். தெருவில் நாய் கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம்.

டெக்ஸாஸ் வெயிலில் புல் பழுக்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகைப்படத்தோடு கடிதம் வந்தது. படத்தில் என் புல்லும், மூலையில் மடித்துக் கட்டிய லுங்கியோடு அப்பாவும். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றார் அப்பா. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும் காலத்தில் புல் பழுப்பானதற்காக அபராதம் போடக் கூடாது என்று 2025இல் டெக்ஸாஸில் சட்டம் வந்திருக்கிறது. கடிதம் போடக் கூடாது என்று வரவில்லை.

இந்தப் பக்கத்தில் நினைத்த நேரத்தில் தண்ணீர் விடவும் முடியாது. டாலஸ் நகரத்தில் 2012 முதல் ஸ்பிரிங்க்ளருக்கு வாரத்தில் இரண்டே நாள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவே கூடவே கூடாது. சுற்றுவட்டார ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். கையில் குழாய் பிடித்து ஊற்றலாம். அப்பா ஊற்றினார், பீர்க்கைக்கு மட்டும். அருகுக்கு ஊற்றக் கை வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

இணையத்தில் முதலில் வந்தவரைக் கூப்பிட்டதும் மணி ஒன்று முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். தேன் குரல். அன்று மாலையே வேன் வந்தது; வேன் முழுக்கப் பச்சைப் புல்லில் சிரிக்கும் குடும்பம். இறங்கியவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். கையில் டேப்லெட். அதை உயரத் தூக்கித் தோட்டத்தைப் படம் எடுத்தார், தலையசைத்தார், பெருமூச்சு விட்டார். சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது என்றார். எல்லா ஹெட்டும், எல்லா வால்வும் மாற்றி, வானிலையைத் தானே தெரிந்துகொள்ளும் வைஃபை கண்ட்ரோலர் மாட்டினால் ஆயுசுக்கும் கவலை இல்லை. அவர் சொன்ன தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி. வாடிக்கையாளர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் அவர் முகம் வாடும் விதத்துக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

அவர் போனதும் அப்பா சொன்னார்: "மனுசன் கடைசி வரைக்கும் குனியவே இல்லையே தம்பி."

அடுத்து, எங்கள் தெருவில் புல் வெட்டுபவர். தங்கமான மனிதர். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார். புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் எடுப்பார், அதனால் அவர் சொல்வது ஒன்றும் கேட்காது. "ஸ்பிரிங்க்ளரா? பிரச்சினையே இல்லை" என்றார். வந்தார். முன்வாசலில் இருந்த ஹெட்டுகளை எல்லாம் கழற்றி, பளபளவென்று கறுப்பில் புது ஹெட்டுகள் மாட்டினார். நியாயமான கூலிதான் வாங்கினார். கண்ட்ரோலரைத் திருப்பினோம். புது ஹெட்டுகள் பழைய ஹெட்டுகளைவிட அழகாகச் சும்மா இருந்தன.

இந்த ஊரில் புல் வெட்ட லைசென்ஸ் வேண்டாம். வால்வில் கை வைத்துக் காசு வாங்க வேண்டுமானால் வேண்டும். குடிநீர்க் குழாயோடு இணைந்த சமாச்சாரம், புல்லில் கிடக்கும் உரமும் மருந்தும் பின்னோக்கி ஊர்க் குடிதண்ணீரில் கலந்துவிடக் கூடாது என்பதால் டெக்ஸாஸ் சுற்றுச்சூழல் தர ஆணையம் 'இரிகேட்டர்' என்று பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. அந்த நம்பர் எல்.ஐ. என்று தொடங்கும். வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். சொந்த வீட்டில் தானே செய்துகொள்ளும் வீட்டுக்காரருக்கு மட்டும் விலக்கு. அரசாங்கத்துக்கு வீட்டுக்காரர்கள்மேல் இருக்கும் இந்த நம்பிக்கை என் மனைவிக்கு இல்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தேடிய என்னைப் பார்த்து, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

அதற்குப் பிறகு சிக்னலில் நிற்கும் வண்டிகளின் பக்கவாட்டைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எல்.ஐ. என்று கண்ணில் பட்டால் நம்பரை மனப்பாடம் செய்து கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் ஓர் உண்மை பிடிபட்டது. வேலை தெரிந்தவர் போனை எடுக்க மாட்டார். போனை எடுப்பவருக்கு வேலை தெரியாது. நடுவில் ஓர் இனம் இருக்கிறது: எடுப்பார், "வியாழக்கிழமை எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்" என்பார், வர மாட்டார். அவருக்கு வேலை தெரியுமா என்பது கடைசி வரை தெரியாது.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வைகாசி முகூர்த்தத்தில் நல்ல தவில்காரரை போனில் பிடிக்க முடியுமா? எடுத்து, "சொல்லுங்க சார், ஃப்ரீயாத்தான் இருக்கேன்" என்கிறவரைக் கல்யாணத்துக்கு வைக்க யாருக்காவது தைரியம் வருமா? ஸ்பிரிங்க்ளர்காரருக்குக் கோடை முழுக்க முகூர்த்தம். குழிக்குள் முழங்கை வரை சேற்றில் இருக்கும் மனிதர் எந்தக் கையால் போனை எடுப்பார்?

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஊர் நீர்பாய்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கண்மாய்த் தண்ணீரை எந்த மடையில் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலி, அறுப்பில் களத்து நெல். பெரிய மிராசாக இருந்தாலும் தானாக மடையில் கை வைக்கக் கூடாது. "அவர நாங்க கூப்பிட்டதே இல்ல. நம்ம வயலு காயுதுன்னா அவருக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றார். சொல்லிவிட்டு என் புல்லைப் பார்த்தார். ஐந்தாம் ஸோன் தவிட்டு நிறத்துக்கு வந்திருந்தது.

நம்பர் கடைசியில் கிடைத்தது பண்டமாற்றில். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவர். அப்பா வேலிக்கு மேலாக அவருக்கு ஒரு கூடை பீர்க்கங்காய் கொடுத்தார். குளியலறையில் முதுகு தேய்க்கத் தொங்கவிடும் லூஃபாவின் சொந்தக்காரக் காய் என்று நான் விளக்கியதும் அவர் முகத்தில் ஒரு மரியாதையான பீதி. என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும், வாங்கியதற்குத் திருப்பித் தர வேண்டும் என்ற பண்பாடு எல்லா ஊரிலும் ஒன்றுதான். என் முன்வாசலை ஒரு முறை பார்த்தார், உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். 2021 பிப்ரவரி உறைபனியில் இந்த வட்டாரமே குழாய் வெடித்துக் கிடந்தபோது தன் வீட்டுக்கு வந்து சரிசெய்தவர் இவர்தான் என்றார். "நான் கொடுத்ததாகச் சொல்லாதே."

கூப்பிட்டேன். 'இந்த மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது' என்றது குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எடுக்காதவர எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க?" என்றாள் மனைவி.

"இவர்தான் ஆள்."

பிரச்சினையை எழுதிக் குறுஞ்செய்தி அனுப்பினேன். முகவரி, ஸோன், புல்லின் நிலைமை, வந்த கடிதம், என் மனநிலை எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். வெகு நாள் கழித்து ஒரு சொல் பதில் வந்தது: 'சனி.' எந்தச் சனி என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஒரு சனிக்கிழமை விடிகாலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பழைய பிக்கப் ஒன்று வந்து நின்றது. கதவில் எல்.ஐ. நம்பர், சட்டம் கேட்கும் இரண்டு அங்குலத்துக்குச் சரியாக, வெயிலில் வெளிறி. இறங்கியவருக்கும் என் அப்பா வயதுதான் இருக்கும். ஜீன்ஸில் முழங்கால் இரண்டும் மண் நிறம். துவைத்தாலும் போகாத மண். "காலை வணக்கம், சார்" என்று அப்பாவுக்கு மட்டும் சொன்னார்.

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே பித்தளையில் ஒரு பழைய தெளிப்பான் இருந்தது. அப்பா அதைக் கண்டதும், "இது நம்மூரு கடலக்காட்டுல டக்கு டக்குனு சுத்துமே!" என்றார். கையால் சுழற்றியும், வாயால் சத்தம் போட்டும் காட்டினார். வந்தவர் முதல் முறையாகச் சிரித்தார். 1933இல் கலிபோர்னியாவின் கிளென்டோராவில் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்ற சிட்ரஸ் தோட்டக்காரர் கண்டுபிடித்த சாமான் அது. தண்ணீர்ப் பீச்சே ஒரு சுத்தியலைத் தட்டி, அந்தத் தட்டில் தானே நகர்ந்து வட்டம் போடும். அதற்குப் பின் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

கராஜுக்குப் போனார். கண்ட்ரோலரின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பொது ஒயரில் வைத்து மற்றதை ஸோன் ஸோனாகத் தொட்டார். ஒன்று, முப்பது ஓமுக்குக் கிட்டே. இரண்டு, அதே. மூன்று, நான்கு, அதே. ஐந்தில் ஓமே இல்லை, முடிவிலி. "ஒயர் அறுந்திருக்கிறது" என்றார். வெள்ளை ஷூக்காரர் பழைய கார் விலை சொன்ன நோய்க்கு இவர் நாடி பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கே அறுந்தது? அதற்கும் கருவி வைத்திருந்தார். ஐந்தாம் ஒயரில் ஒரு கிளிப்பை மாட்டி ஒலியை அனுப்பிவிட்டு, காதில் ஹெட்ஃபோனும் கையில் ஒரு கோலுமாகப் புல்லில் நடந்தார். நம் ஊரில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பாரே, அதே நடை. மெதுவாக, கண்ணை ஓரிடத்திலும் நிறுத்தாமல். பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால் மனைவி, பல் துலக்கியோடு நான். ஊர்வலம் கராஜிலிருந்து புறப்பட்டு, வேலி ஓரமாகத் திரும்பி, பக்கவாட்டுக்கு வந்தது.

பீர்க்கைப் பந்தலுக்கு வந்ததும் ஊர்வலத்தில் ஓர் ஆள் குறைந்தது. அப்பா வேலியோரம் நின்று தூரத்தில் எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோல் பந்தலின் மூன்றாவது கம்பத்தருகே நின்றது. அவர் மண்டியிட்டு, சின்னக் கரண்டியால் கொடி வேருக்குப் படாமல் மண்ணை விலக்கினார். இரும்புக் கம்பம் இறங்கிய இடத்தில், இரண்டாகப் போன ஒயரின் முனைகள் செம்பு நிறத்தில் மின்னின. ஒரு சாண் தள்ளி, இலைக்குப்பைக்கு அடியில் நாங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து யாரும் கண்டிராத பச்சை மூடி.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

"அடிக்கிறப்ப என்னமோ தட்டுப்பட்டுச்சு" என்றார் அப்பா, வேலியைப் பார்த்தபடி. "வேருன்னு நெனச்சேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று ஸ்பிரிங்க்ளர்காரர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கம்பத்தையும், பந்தலில் தொங்கிய காய்களையும், என் அப்பாவையும் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பந்தலில் ஒரு கம்பத்தையும் அசைக்கவில்லை. புது ஒயரைக் கம்பத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய், உள்ளே கிரீஸ் நிரப்பிய இணைப்பு முடிச்சில் முனைகளைத் திருகி, மண்ணை மூடி, உள்ளங்கையால் தட்டினார்.

கண்ட்ரோலரைத் திருப்பியதும் முன்வாசலில் ஐந்தாம் ஸோன் எழும்பியது. புல் வெட்டுபவர் மாட்டிய புது ஹெட்டுகள் முழு வட்டம் அடிக்கிறவை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தெரு நனைந்தது. தபால் பெட்டி நனைந்தது. நாயோடு போன ஒருவர் பாதி நனைந்தார், நாய் முழுதும். ஸ்பிரிங்க்ளர்காரர் ஒன்றும் சொல்லாமல் நாஸில்களை மாற்றி, ஒவ்வொன்றாகத் திருகித் தண்ணீரைப் புல்லுக்குள் திருப்பினார்.

அப்பா அவருக்கு ஒரு பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார். பெருங்காயம் தூக்கலாக இருந்தது. அவர் ஒரே மூச்சில் குடித்தார். பிடித்ததா, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமா என்று முகத்தில் தெரியவில்லை. வண்டியின் பானெட்டில் வைத்துப் பில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வந்ததற்கான கட்டணம், ஒயர், இணைப்பு, நாஸில். முதலாமவர் சொன்ன தொகைக்குக் கார் வாங்கலாம் என்றால், இதற்கு டயர் ஒன்று தேறும்.

பழுதின் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் கைப்பட, பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'வேரால் சேதம்.'

"என்ன எழுதிருக்காரு?" என்றார் அப்பா. படித்துச் சொன்னேன்.

"பாத்தியா? வேலை தெரிஞ்ச மனுசன்."